நிழல் பார்த்து எடுத்த குதிரைகள்

1

இந்தக் கதை ஒரு தொண்டைக்கனைப்பில் பிறந்தது. இன்னும் கொஞ்சம் கௌரவமான இடத்தில் பிறந்தது என்று சொல்லிக்கொள்ள எனக்கும் ஆசைதான்.

கனைத்தவர் குட்டைக் குதிரை வளர்ப்போர் சங்கத்தின் செயலாளர். அப்படி ஒரு சங்கம் இருக்கிறது. நம் இடுப்பு உயரத்தைத் தாண்டாத குதிரைகள். ஏறி ஓட்ட முடியாது. கண்காட்சியில் நிறுத்தலாம், சின்ன வண்டியில் பூட்டலாம், குழந்தைகள் கட்டிக்கொள்ளலாம். என் அக்கா அவற்றை வளர்த்தாள். போன வருடத்துக்கு முந்தைய வருடம் இறந்துபோனாள்.

"மேடம், ஆண்டு மலர்ல உங்கக்காவுக்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கோம். நீங்கதான் எழுத்து வேலையில இருக்கீங்க. நல்லா உருக்கமா, படிக்கிறவங்களுக்குக் கண்ணுல தண்ணி வர்ற மாதிரி எழுதிக் குடுங்க."

"எதைப் பத்தி எழுதணும்?"

"அந்த பெட்ஷீட் விஷயம் இருக்கே, அது போதும். எல்லாருக்கும் பிடிக்கும்."

நான் பாடப்புத்தகம் அச்சடிக்கும் இடத்தில் பிழை திருத்துகிறேன். அதைத்தான் அவர் எழுத்து வேலை என்கிறார். சரி என்று சொல்லி ஃபோனை வைத்துவிட்டேன். வைத்தபிறகு எனக்கு வந்தது கோபம். அது இன்னும் போகவில்லை. கண்ணில் தண்ணீர் வர வேண்டும் என்று வந்தவர்கள் மலரின் வேறு பக்கங்களைப் புரட்டலாம்.

ஏனென்றால் அந்த ஒரு பக்கத்தில் ஒரு விஷயத்தை எழுதினால் அக்காவின் பெயர் கெடும். எழுதாவிட்டால் எங்கேயோ, யாருடைய கொட்டகையிலோ, ஒரு குட்டி வயிறு உப்பிச் சாகும். இவ்வளவுதான் கதை. மீதி எல்லாம் எப்படி எழுதுவது என்ற தகராறு.

2

முதல் தொடக்கம்:

"குதிரையின் நிறத்தைப் பார்க்க மறுத்த ஒரே வளர்ப்பாளர் என் அக்கா, அவள்"

'ஒரே' என்று எழுதியதும் நிறுத்திவிட்டேன். அஞ்சலிக் கட்டுரையில் செத்தவர்கள் எல்லாரும் 'ஒரே' ஆகிவிடுகிறார்கள். உயிரோடு இருந்தபோது பத்தோடு பதினொன்றாகத்தான் நடத்தினோம்.

இரண்டாவது தொடக்கம்:

"அத்தான் முதலில் பெயின்ட் கடை வைத்திருந்தார்."

இது உண்மை. ஆனால் இப்படி ஆரம்பித்தால் இந்த ஒரு வரியிலேயே நீங்கள் அக்காவின் கணவரைத் தூக்கில் போட்டுவிடுவீர்கள். (அதற்காகத்தான் அப்படி ஆரம்பித்தேன்.)

மூன்றாவது தொடக்கம்:

"வெள்ளைக் குட்டி பிறந்த காலையில் அந்த வீட்டுக்கு முன்னால் இருபது செருப்பாவது"

இல்லை. இதை இப்போதே சொன்னால் பெட்ஷீட் எதற்கு என்று உங்களுக்குப் புரியாது. செயலாளர் சொன்னது சரிதான். பெட்ஷீட்டிலிருந்துதான் போக வேண்டும். அதுவே கோபமாக இருக்கிறது.

3

கொட்டகைக்குப் பின்னால் இரண்டு இரும்புக் குழாய்களை நட்டு, நடுவே கொடி கட்டி, ஒரு பழைய வெள்ளை பெட்ஷீட்டைத் தொங்கவிட்டிருப்பாள் அக்கா. காலை வெயில் சாய்வாக விழும் நேரம். வெயிலுக்கும் துணிக்கும் நடுவே குதிரையைக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். அக்கா துணிக்கு இந்தப் பக்கம், கவிழ்த்துப் போட்ட வாளிமேல் உட்கார்ந்திருப்பாள். அவளுக்குத் தெரிவது நிழல் மட்டும். முதுகு, கழுத்து, கால்கள். அதைப் பார்த்துத்தான் எந்தக் குட்டியை வைத்துக்கொள்வது, எதற்கு எதைச் சேர்ப்பது என்று முடிவு செய்வாள்.

முதல்முறை அத்தான் கயிற்றைப் பிடித்திருந்தார், நான் அக்கா பக்கத்தில் நின்றேன்.

"சொல்லுடி, அது என்ன கலரு?"

"நிழல்ல கலர் எப்படிக்கா தெரியும்?"

"தெரியாதில்ல? அப்போ வாயை மூடிக்கிட்டுக் காலைப் பாரு. என்னங்க, திருப்பி நிறுத்துங்க. பின்பக்கம் காட்டுங்க. பாத்தியா, பின்னங்கால் மூட்டு ரெண்டும் ஒண்ணையொண்ணு பாத்து ரகசியம் பேசுது. நாலு வயசுல நொண்டும் இது."

துணியை விலக்கினால் அந்தக் குதிரை வெள்ளியும் கறுப்புமாக, பிடரி தரையைத் தொட, அப்படி ஒரு அழகு. அத்தான் அதற்குள் ஃபோனில் படம் எடுத்துவிட்டிருந்தார். உயரமான புல்லில் நிறுத்தித்தான் எடுப்பார். புல் உயரமாக இருந்தால் விற்கிறவன் காலை மறைக்கிறான் என்று அர்த்தம் என்பது அக்காவின் கட்சி.

"நீ பாட்டுக்குக் காலைப் பாத்துக்கிட்டு உக்காந்திரு. வாங்க வர்றவன் மூஞ்சியத்தான் பாப்பான். செங்கல்லைப் பாத்து எவன் வீடு வாங்கினான்? பெயின்ட்டைப் பாத்துத்தான் வாங்குவான்."

"வீடு நடக்காதுங்க. இது நடக்கணும்."

"நடந்து எங்க போகப்போகுது? புல்லுக்கும் தண்ணித் தொட்டிக்கும்தானே."

"நீங்களும் கட்டிலுக்கும் டிவிக்கும்தான் நடக்கிறீங்க. அதுக்கே முட்டி வலின்னு தைலம் தேய்ச்சுக்கிறீங்கல்ல?"

அத்தான் சிரித்துவிட்டார். அவர் சிரிப்பார். அதை எழுதக் கூடாது என்றுதான் நினைத்திருந்தேன்.

(பெயர்களைப் பற்றி ஒரு வார்த்தை. குதிரைக்கு நிறத்தை வைத்துப் பெயர் வைக்கக் கூடாது என்பது அந்த வீட்டுச் சட்டம். அதனால் அக்காவின் குதிரைகள் எல்லாம் வீட்டுச் சாமான்கள்: அலமாரி, சாவி, திருகாணி, பொத்தான். அத்தான் அவற்றையே பெயின்ட் டப்பா மொழியில் கூப்பிடுவார்: பாலேடு, மழை மேகம், சுட்ட தேன். ஒரே குதிரை இரண்டு பெயருக்கும் திரும்பிப் பார்க்கும்.)

பொத்தானுக்கு மட்டும் அத்தானிடம் பெயர் கிடையாது. அது ஒரு சாதாரண பழுப்பு நிறப் பெட்டை. கீழ்த்தாடையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வெள்ளை, பால் குடித்துவிட்டு வாயைத் துடைக்காதது போல. அவ்வளவுதான். ஆனால் துணிக்குப் பின்னால் அது வந்து நின்ற காலையில் அக்கா வாளியிலிருந்து எழுந்துவிட்டாள். நாலு கால்களும் நூல் பிடித்ததுபோல் இறங்கியிருந்தன. பெரிய குதிரை ஒன்று தூரத்தில் நிற்பதுபோல் இருந்தது. அந்த வகைக்கு அதுதான் லட்சணம்: குட்டையாகத் தெரியக் கூடாது, தூரமாகத் தெரிய வேண்டும்.

"கறுப்பா, வெளுப்பா, எந்த எழவா இருந்தாலும் சரி, இது என்னோடது" என்றாள்.

அலமாரி என்ற கறுப்பு ஆண் குதிரையோடு பொத்தானைச் சேர்த்தாள். வருடாவருடம் குட்டிகள். பழுப்பும் கறுப்பும். பார்க்க ஒன்றுமில்லை, நடக்கவிட்டால் கண்ணை எடுக்க முடியாது. காலைத் தெரிந்தவர்கள் தேடி வந்து வாங்கினார்கள். 'நிழல் குதிரை' என்று சங்கத்தில் பெயரே வந்துவிட்டது. 'அந்த அம்மா வீட்டுக் குட்டியா? பாக்கவே வேண்டாம், எடுத்துக்கலாம்.'

பாக்கவே வேண்டாம். இந்தச் சொல்லை இங்கே விட்டுவைக்கிறேன்.

4

அத்தானைப் பற்றி எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. மனிதராக அல்ல, பாத்திரமாக.

கெட்டவராக எழுத ஆரம்பித்தேன். 'அவருடைய கண்கள் எப்போதும் எதையாவது விலைபோட்டுக்கொண்டே இருக்கும்.' அடித்துவிட்டேன். அவருடைய கண்கள் பெரும்பாலும் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருக்கும். 'அக்காவின் அறிவை அவர் ஒருநாளும் மதித்ததில்லை.' பொய். வருகிறவர்களிடம் அந்த பெட்ஷீட்டைக் காட்டிக் காட்டிப் பீற்றிக்கொண்டது அவர்தான். நிறம் பிடிக்கும், அவ்வளவுதான். அழகான ஒன்றைப் பார்த்தால் கை தானாக நீளும். அப்படித்தான் அக்காவையும் பார்த்தார் என்று அம்மா சொல்வாள். அப்போது அக்காவின் நிறத்தைக் கேட்டு எங்கள் வீட்டுக்கு வந்து திரும்பிப் போனவர்கள் நிறையப் பேர். அத்தான் மட்டும் கேட்கவில்லை.

(இந்த வரி என் கோபத்துக்கு ஒத்துவரவில்லை. இருக்கட்டும். பிழை திருத்துகிறவள் வசதியில்லாத வரியை எடுத்துவிட முடியாது. எழுத்துப்பிழை இருந்தால்தான் கை வைக்கலாம்.)

இன்னொன்றும் இருக்கிறது. ஒருமுறை அத்தான் எல்லாக் குதிரைகளிடமிருந்தும் முடி பிடுங்கி, தனித்தனிக் கவரில் போட்டு, பெயர் எழுதி வைத்திருந்தார்.

"முடியை அனுப்பினா உள்ளுக்குள்ள என்ன என்ன கலர் ஒளிஞ்சிருக்குன்னு சொல்லிடுவாங்களாம். வெளிய பழுப்பா இருக்கும், உள்ள வெள்ளி இருக்கும். தெரிஞ்சா அதுக்கேத்த மாதிரி சேக்கலாம்ல?"

"யாருக்கு வேணும் கலரு?"

"சும்மா தெரிஞ்சு வச்சுக்கலாமேம்மா."

"எனக்குத் தெரிய வேண்டியது துணியில தெரியுது."

அத்தனை கவர்களையும் அள்ளிக்கொண்டுபோய்ச் சாணிக் குப்பையில் போட்டுவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு வந்தாள் அக்கா. சங்கத்தில் இன்றைக்கும் சிரித்துச் சிரித்துச் சொல்லும் கதை இது. செயலாளருக்கும் ரொம்பப் பிடித்த கதை.

5

அக்காவின் சாவை எழுதப் போவதில்லை. கணையம். கண்டுபிடித்ததும் முடிந்ததும் ஒரே மழைக்காலம். ஆஸ்பத்திரியில் ஒருநாள் என் கையைப் பிடித்து, "பொத்தானை மட்டும் விக்க விடாதடி" என்றாள். 'மட்டும்' என்பதை அத்தான் எப்படிப் புரிந்துகொண்டாரோ, பொத்தானைத் தவிர மற்றதெல்லாம் போய்விட்டது. அலமாரி ஒரு பூங்காவில் வண்டி இழுக்கிறது.

துக்கம் கேட்க வந்தவர்களில் ஒரு பெண்மணி, அக்காவின் படத்துக்குக் கும்பிட்ட கையை இறக்காமலே அத்தானிடம் கேட்டாள்: "நீலக்கண்ணு ஏதாச்சும் வச்சிருக்கீங்களா? எங்க ஹால்ல சோபா சாம்பல் கலரு. அதுக்குப் பொருத்தமா இருந்தா புள்ளைங்க போட்டோ எடுத்துக்கும்."

நான் அவள் தட்டில் இருந்த பிஸ்கட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். என் வீரம் அவ்வளவுதான்.

பிறகு அத்தான் வானவில்லை வாங்கினார். ஆண் குதிரை. பழுப்பும் வெள்ளையும் திட்டுத்திட்டாக, விலாவில் கண்ணாடிச் சட்டம்போட்ட மாதிரி வெள்ளை, ஒரு கண் நீலம். மேல்வரிசைப் பல் கிளி மூக்கு மாதிரி கீழ்வரிசையைத் தாண்டி வந்திருந்தது. புல்லைச் சரியாகக் கடிக்கத் தெரியவில்லை. பின்னங்கால் மூட்டுகள் ரகசியம் பேசவில்லை, கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதன. அதன்பிறகு துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும் வானவில்லோடு நின்று படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

"பொத்தானை இதோட சேக்காதீங்க அத்தான்."

"அவ காலு, இவன் கலரு. நினைச்சுப் பாரு, ரெண்டும் ஒரே குட்டியில வந்தா?"

"இவன் காலும் அவ கலரும் ஒரே குட்டியில வந்தா?"

"நீ உங்கக்கா மாதிரியே பேசுற."

"அக்கா இருந்தா விடுவாளா?"

"இல்லையே அவ."

இதை அவர் மிகச் சின்னக் குரலில் சொன்னார். முதல் வரைவில் இதைப் பெரிய குரலில் எழுதியிருந்தேன்.

6

குதிரைக்குச் சினைக்காலம் ஏறக்குறைய ஒரு வருடம். ஒரு காலையில் அத்தான் கூப்பிட்டார். குரல் அடையாளமே தெரியவில்லை.

"ஏம்மா, எங்க இருக்க? உடனே கிளம்பி வா. வெள்ளை! சுத்த வெள்ளை! ரெண்டு கண்ணும் நீலம்!"

போய்ச் சேர்ந்தபோது வாசலில் செருப்புகள். எல்லார் கையிலும் ஃபோன். நடுவில், வைக்கோல்மேல், நனைந்து காய்ந்த அந்தக் குட்டி. ஒரு பெரிய பூனை அளவுதான். பால் குடித்துவிட்டு நின்றது. முடி வெள்ளை, தோல் ரோஜா நிறம். பொத்தான் அதை நக்கிக்கொண்டே இருந்தது. யாரோ "பொம்மை மாதிரி இருக்குல்ல?" என்றார்கள். அது பொம்மை மாதிரிதான் இருந்தது.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. வீட்டுக்குள் போய் அலமாரியைக் குடைந்து (மர அலமாரி, குதிரை அல்ல) ஒரு பெட்ஷீட்டை எடுத்து வந்து குழாய்களுக்கு நடுவே மாட்டினேன். இந்தக் கூட்டத்துக்கு முன்னால் அந்தக் கோணல் கால்களைக் காட்டிவிட வேண்டும் என்று ஒரு வெறி.

"பிடிங்க அத்தான். துணிக்குப் பின்னால நிறுத்துங்க."

"இப்பவா? பச்சைக் குட்டிம்மா."

"நிறுத்துங்கன்னா!"

நிறுத்தினார். நான் வாளியில் உட்கார்ந்தேன்.

நேராக இருந்தன. நாலும். பொத்தானுடையதைவிட நேராக. கழுத்து எழும்பிய விதம், முதுகு, பின்பக்கத்தின் வளைவு என்று அக்கா சொல்லிக்கொடுத்த ஒவ்வொன்றையும் தேடித் தேடிப் பார்த்தேன். குறை இல்லை. நிழல் பார்த்து எடுப்பதாக இருந்தால், அக்கா தன் வாழ்நாளில் பார்த்த எல்லாக் குட்டிகளையும் விட்டுவிட்டு இதைத்தான் எடுத்திருப்பாள்.

நிழல் தன் தலையைத் திருப்பி வயிற்றைப் பார்த்தது. பிறகு மடங்கிப் படுத்தது.

கால்நடை டாக்டரம்மா வந்தார். கேட்டுக்கு உள்ளே ஓரடி வைத்தவர் குட்டியைப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றார்.

"சாணி போட்டுதா?"

"இன்னும் இல்ல. பால் நல்லாக் குடிச்சுது" என்றார் அத்தான்.

டாக்டரம்மா குனிந்து வயிற்றைத் தட்டிப் பார்த்தார். உதட்டைத் தூக்கிப் பார்த்தார். காதுக்குள், வால் அடியில், குளம்புக்கு மேலே தேடினார்.

"உடம்புல எங்கயாச்சும் ஒரு கறுப்பு முடி, பழுப்பு முடி இருக்கா சார்?"

"ஒண்ணுகூடக் கிடையாது டாக்டரம்மா!" அத்தான் மார்பை நிமிர்த்திச் சொன்னார்.

அந்த நிமிர்ந்த மார்பை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. எத்தனையோ விதமாக எழுதிப் பார்த்துவிட்டேன்.

"இது பிழைக்காது சார். நிறத்தைக் குடுக்கிறதும் குடலுக்கு நரம்பு குடுக்கிறதும் கருவுல ஒரே இடத்துல இருந்து கிளம்புது. அது போய்ச் சேரலைன்னா நிறமும் இல்ல, நரம்பும் இல்ல. குடல் இருக்கு, ஆனா அசையாது. குடிச்ச பால் அங்கயே நிக்கும்."

"ஆபரேஷன் பண்ணலாமே?"

"பண்ண முடியாது."

"எவ்வளவு ஆனாலும்..."

"சார். முடியாது."

கூட்டம் கலைந்தது. செருப்புகள் ஒவ்வொன்றாகப் போயின. குட்டி புரண்டு புரண்டு காலை உதைத்தது, அந்த நேரான கால்களை. அத்தான் அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டார். டாக்டரம்மா ஊசி போட்டார், கால்கள் அடங்கின. போட்டு முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"இன்னொண்ணு. இது அப்பாகிட்ட இருந்து மட்டும் வராது. ரெண்டு பக்கமும் இருந்தாத்தான் இப்படிப் பொறக்கும்."

"வானவில்லை வித்தவன் சொன்னான். ரத்தத்துல வெள்ளை ஓடுற பெட்டையோட சேக்காதீங்கன்னு. அதனாலதானே இவளோட... இவ வெறும் பழுப்பு டாக்டரம்மா."

"தாடையைப் பாருங்க."

பார்த்தோம். பால் குடித்துவிட்டுத் துடைக்காத வாய்.

"சிலதுக்கு இவ்வளவுதான் வெளிய தெரியும். நெத்தியில ஒரு பொட்டோட நின்னுடும். முடி அனுப்பிப் பாத்திருந்தா ஒரே வரியில சொல்லியிருப்பாங்க. பாக்கலையா?"

அத்தான் என்னைப் பார்க்கவில்லை. நானும் அவரைப் பார்க்கவில்லை. பிறகு டாக்டரம்மாவே பொத்தானின் முடியை அனுப்பினார். பதில் அவர் சொன்னபடியே வந்தது.

7

நான் முதலில் எழுதி முடித்த கதை வேறு. அதில் ஒரு பெண் கால்களைப் பார்க்கிறாள், அவள் கணவன் நிறத்தைப் பார்க்கிறான். அவள் சாகிறாள். அவன் நிற ஆசையில் ஒரு குட்டியைக் கொல்கிறான். நன்றாக வந்திருந்தது. வாசித்துவிட்டு நானே அழுதேன். செயலாளர் கேட்ட தண்ணீர்.

அந்தக் கதையில் பிழை ஒன்றும் இல்லை. பாதிதான் இருந்தது. மீதிப் பாதி இது: நிறத்தைப் பார்க்கவே மாட்டேன் என்று சபதம் எடுத்தவளுக்கு, நிறம் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழவில்லை. அவள் பார்க்க வேண்டியிருந்த ஒரே அடையாளம் அந்த வெள்ளை. அது துணிக்குப் பின்னால் தெரியாது.

வானவில்லை அத்தான் காயடித்துவிட்டார். கேட்டவர்களிடமெல்லாம் ஒரே பதில் சொன்னார்: "கலர் பைத்தியத்துல நான் பண்ணின தப்பு. வானவில்லோட ரத்தம். அவ இருந்தா நடந்திருக்காது." ஊர் நம்பியது. எனக்கு வேண்டிய கதையை அவரே ஊருக்குச் சொல்லிவிட்டார்.

மலருக்கு எழுதப் போகிறேன் என்றதும் என் வீட்டுக்கு வந்தார். நாற்காலியில் உட்காராமல் ஜன்னல் ஓரம் நின்றார்.

"பொத்தான் விஷயத்தை எழுதிடாதேம்மா."

"ஏன் அத்தான்?"

"அவ பேரு ஒண்ணுதான் மிச்சம் இருக்கு."

"நீங்க பொய் சொல்லிக்கிட்டுத் திரியிறீங்க."

"நான் கலர் பைத்தியம்னு எல்லாருக்கும் தெரியும். என் தலையில இன்னும் ஒரு டப்பா பெயின்ட் ஊத்தினா என்ன கெட்டுப்போச்சு? உங்கக்கா தலையில ஊத்த நான் விட மாட்டேன்."

"சரி. பொத்தானோட பொண்ணுங்க இருக்கே? வித்துட்டோமே, ஊர் ஊரா. அதுல பாதிக்காவது இது இருக்கும். அதுங்களுக்குப் பொறக்கப்போற குட்டி?"

ஜன்னல் கொக்கியை மாட்டினார், கழற்றினார்.

"சொல்லுங்க."

"எல்லாரும் போயி நீலக்கண்ணோட சேத்துட மாட்டாங்க."

"நீங்க சேத்தீங்கல்ல?"

செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். ஒரு காலில் வார் சரியாக ஏறவில்லை. குனிந்து அதைச் சரிசெய்யாமலே நடந்தார். இரக்கப்படலாம் என்று தோன்றியது. படவில்லை.

8

முடிவுகள்.

(அ) பெட்ஷீட்டைப் பற்றி மட்டும் எழுதிக் கொடுப்பது. வாளி, காலை வெயில், 'வீடு நடக்காதுங்க'. எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். அக்கா படச் சட்டத்துக்குள் சிரிப்பாள்.

(ஆ) எதையும் எழுதாமல், பொத்தானின் பெண் குதிரைகளை வாங்கியவர்களை ரகசியமாகக் கூப்பிட்டுச் சொல்வது. புத்திசாலி வாசகரான நீங்கள் இந்நேரம் இதைத்தான் கேட்டிருப்பீர்கள். கூப்பிட்டேன். கைமாறிக் கைமாறி எங்கே போனதென்றே தெரியாதவை போக, எண் கிடைத்த ஒரு அம்மாளிடம் பேசினேன். பொத்தானின் மகளை, திருகாணியின் தங்கையை, வைத்திருப்பவர்.

"ஒரு முடி டெஸ்ட் பண்ணிடுங்க. வெள்ளை இருக்கான்னு."

"கலர் டெஸ்ட்டா?" விழுந்து விழுந்து சிரித்தார். "உங்கக்கா வீட்டுக் குதிரைக்கா? அவங்க கவரைக் குப்பையில போட்ட கதையை நீங்க கேட்டதில்லையா? ஏங்க, அவங்க காதுல விழுந்தா மேல இருந்து இறங்கி வந்து அடிப்பாங்க!"

"பிரச்சினை இருக்கலாம்னு..."

"நிழல் குதிரையில பிரச்சினையா? சும்மா இருங்க. போன மாசம்தான் ஒரு நீலக்கண்ணோட பேசி வச்சிருக்கேன். அந்தக் காலு, இந்தக் கலரு. நினைச்சுப் பாருங்க!"

நினைத்துப் பார்த்தேன். நினைத்துப் பார்ப்பதைத் தவிர வேறு வேலையே செய்யவில்லை. பொத்தானிடம் என்ன இருந்தது என்று சொல்ல வாயைத் திறந்தேன். "உங்கக்காவை நாங்க சாமி மாதிரி வச்சிருக்கோம்" என்று சொல்லிவிட்டு அவரே வைத்துவிட்டார். மறுபடி அடித்தால் எடுக்கவில்லை.

அப்போதுதான் புரிந்தது. அக்காவின் பெயர் நன்றாக இருக்கும்வரை யாரும் சோதித்துப் பார்க்க மாட்டார்கள். அந்தப் பெயர்தான் இப்போது நோயைக் கொண்டுபோகிறது. அந்தக் குட்டிகளைக் காப்பாற்ற வேண்டுமென்றால் முதலில் அக்காவின் பெயரைக் கெடுக்க வேண்டும். அதுவும் சங்கத்து மலரில், அவள் படத்துக்குக் கீழே, அவள் தங்கை கையால்.

(இ) உண்மை.

9

அக்கா, உனக்கு எவ்வளவு திமிர்.

ஒரு கவர். ஒரே ஒரு கவரை அனுப்பியிருக்கலாம். அந்தக் கிளிவாய்க் குதிரைகளையும், புல்லில் கால் மறைத்துப் படம் எடுக்கிறவர்களையும், சோபாவுக்குப் பொருத்தமாகக் கேட்கிறவர்களையும் நீ வெறுத்தது சரி. நானும் வெறுக்கிறேன், நீ போனபிறகு உன் பங்கையும் சேர்த்து. ஆனால் அவர்கள் ஒன்றைப் பார்க்கிறார்கள் என்பதற்காகவே நீ அதைப் பார்க்காமல் விட்டாய் பார், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. சண்டை போடலாம் என்றால் நீயும் இல்லை. உன் படத்தின் முன்னால் நின்று கத்தினால் பக்கத்து வீட்டில் துக்கம் தாங்காமல் கத்துகிறாள் என்று நினைக்கிறார்கள்.

(இந்தப் பத்தியை எடுத்துவிடலாம் என்று இருந்தேன். செயலாளர் எடுத்தால் எடுக்கட்டும்.)

அவர் எடுக்கக்கூடும். பெட்ஷீட்டை வைத்துக்கொண்டு மீதியை வெட்டிவிட்டு, ஓரத்தில் ஒரு விளக்குப் படம் போட்டு, (அ) முடிவைத் தானே எழுதிக்கொள்ளலாம். அத்தான் போய் அவர் காலில் விழுந்தாலும் விழுவார். இதை எழுதும்போது அத்தானிடம் சொல்லவில்லை. சொல்லப் போவதும் இல்லை. வாசித்துத் தெரிந்துகொள்ளட்டும், மற்றவர்களோடு சேர்ந்து.

அதனால் வெட்டியதைத்தான் நீங்கள் மலரில் பார்ப்பீர்கள் என்றால், என்னால் அதில் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் இந்த வரிவரைக்கும் வந்திருக்கிறீர்கள் என்றால், உங்கள் கையில் இருப்பது வெட்டாதது. யார் மூலமோ வந்து சேர்ந்திருக்கிறது. ஆகவே உங்களிடம்தான் பேசுகிறேன், குறிப்பாக உங்களில் ஒருவரிடம். உங்களை எனக்குத் தெரியாது. உங்கள் கொட்டகையில் பழுப்போ கறுப்போ ஒரு பெட்டை நிற்கிறது. அதன் அம்மாவுக்கோ பாட்டிக்கோ ஒரு வீட்டுச் சாமானின் பெயர். நீங்கள் ஒரு நீலக்கண்ணைப் பேசி வைத்திருக்கிறீர்கள்.

முடிவை நான் எழுதவில்லை. என்னால் எழுத முடியாது, அது உங்கள் குதிரையின் உடம்பில் இருக்கிறது. எங்கள் மொழி இதற்கென்றே செய்துவைத்த மாதிரி 'முடி'யும் 'முடிவு'ம் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. முதலாவதைப் பிடுங்கினால்தான் இரண்டாவது தெரியும்.

கத்தரியால் வெட்டாதீர்கள், பிரயோஜனமில்லை. வேரோடு வர வேண்டும். பிடரியில் ஒரு கொத்து, அது விடவில்லை என்றால் வாலில். சுத்தமான கவரில் போட்டுப் பெயர் எழுதுங்கள். 'நிறத்துக்காக' என்று எழுத வெட்கமாக இருந்தால் 'குடலுக்காக' என்று எழுதுங்கள்.

வாலில் பிடுங்குவதாக இருந்தால் நேர் பின்னால் நிற்க வேண்டாம். உதைக்கும். என் அக்கா எடுத்த கால், குறி தப்பாது.